போன் சத்தம் அடங்கிய பிறகு

அஸ்கா முறுக்குத் தின்றால் சத்தம் வருவதில்லை. ஜுமானா அதை முதன்முதலில் கவனித்தது ஒரு பிற்பகலில்.

குசினி வாசலில் பாயைப் போட்டு மகள் உட்கார்ந்திருந்தாள். முறுக்கு அன்று காலையில் சுட்டது. ஜுமானா ஒன்றைக் கடித்தபோது அது உடைந்த சத்தம் அவள் காதுக்குள்ளேயே வெடித்தது. மகளும் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். கச்சான் காற்று தென்னோலைகளை உரசுவது கேட்டது, ஃப்ரிட்ஜ் முனகுவது கேட்டது, தூரத்தில் பாலாவிப் பக்கம் ஏதோ ஒரு லொறி கியர் மாற்றி இழுத்துக்கொண்டு போவதுகூடக் கேட்டது. அந்தச் சின்ன வாயிலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு முறுக்கை நீட்டினாள். மகள் வாங்கிக்கொண்டு சிரித்தாள், உதட்டைத் திறக்காமலே.

கொஞ்ச நாளைக்கு முன்பென்றால் ஜுமானா இதைக் கவனித்திருக்கமாட்டாள். பக்கத்தில் கூரை சரிந்து விழுந்திருந்தால்கூடக் கவனித்திருப்பாளோ என்னவோ. புருஷன் இனாஸ் கட்டாரில் லொறி ஓட்டினான். அவள் வீட்டிலிருந்தபடி கேக் செய்து புத்தளம் டவுனுக்கு அனுப்பினாள். ஓடர்கள் எல்லாம் போனில்தான். ஓடருக்காகக் கையில் எடுப்பாள். எடுத்த கை வட்ஸ்அப் குரூப்புக்குள் போகும், அங்கிருந்து யாரோ போட்ட வீடியோவுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. கேக் கருகிய மணம் மூக்கில் ஏறும்போதுதான் தலை நிமிரும். அஸ்கா வந்து தோளைத் தட்டுவாள், முந்தானையை இழுப்பாள், "உம்மா இங்க பாருங்க, உம்மா இங்க பாருங்க" என்று பத்துத் தரம் சொல்வாள். ஓம் மகள், ஓம் மகள் என்று இவள் சொல்லிக்கொண்டிருப்பாள், கண்ணை எடுக்காமல்.

அவர்களுடைய வீடு பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், உப்பளங்களைத் தாண்டி, களப்பை ஒட்டி இருந்தது. பின்கதவைத் திறந்தால் நாலைந்து தென்னை, ஒரு கம்பி வேலி, அதற்கப்பால் சேறு, அதற்கப்பால் தண்ணீர். ஒருநாள் பொழுது படுகிற நேரம் அடுத்த வளவு சபூரா அந்தப் பின்கதவால் அஸ்காவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து அந்தக் கரையிலேயே தங்கிவிட்ட மனுஷி. அதிகம் கதைக்கமாட்டாள். பிள்ளை இடுப்புக்கு மேல்வரை நனைந்திருந்தது. தண்ணிக்குள்ள நிண்டா புள்ள, இனிமே பாத்துக்கொள்ளுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஜுமானா மகளைத் துவட்டினாள். ஒரு கையால்தான் துவட்டினாள், மற்றக் கையில் போன் இருந்தது. ஒரு பிறந்தநாள் கேக்குக்கு நீலமா பச்சையா என்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று படுத்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. சபூரா பார்க்காமல் விட்டிருந்தால்?

மறுநாளே போனைத் தூக்கிக்கொண்டு பாலாவிச் சந்திக்குப் போனாள். அங்கே தம்பி நளீம் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். இதை விற்றுவிட்டு பட்டன் போன் ஒன்று தா என்றாள். அவன் சிரித்தான். கேக் வியாபாரத்துக்கும் மச்சானோடு கதைக்கிறதுக்கும் இது வேண்டும், குறையை மட்டும் வெட்டிவிடலாம் என்றான். வீடியோ ஓடும் செயலிகளை எல்லாம் அழித்தான். குரூப்புகளின் வாயை அடைத்தான். இனாஸ், நளீம், அஸ்காவின் பள்ளிக்கூடம், இந்த மூன்று நம்பரிலிருந்து அழைத்தால் மட்டும் மணியடிக்கும்படி வைத்தான். ஓடர்களைக் காலையில் ஒரு தடவை, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றான். முதல் பக்கத்தில் கேக் அடுப்புக்கு ஒரு அலாரம், மாவும் சீனியும் கணக்குப் பார்க்க ஒன்று, குர்ஆன் ஓதல் கேட்க ஒன்று. கடைசியாகத் திரையில் இருந்த நிறத்தையும் எடுத்துவிட்டான். எல்லாம் சாம்பலும் கறுப்புமாகிப் போனது.

"நிறம் இல்லாட்டி கை தானா விட்டிரும் ராத்தா," என்றான். "இனி நீங்க தேடிப்போனாத்தான் அது கதைக்கும். அதுவா உங்களக் கூப்பிடாது."

அவன் சொன்னது போலத்தான் நடந்தது. முதல் நாட்களில் கை சும்மா சும்மா போனைத் தேடியது. எடுத்தால் சாம்பல் நிறத்தில் நாலு படம். பார்க்க ஒன்றுமில்லை, வைத்துவிடுவாள். கேக்குகள் கருகவில்லை. சுபஹு தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அவளுக்கென்று கிடைத்தது. வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கதவுக் கொண்டி காற்றில் ஆடுவது, தண்ணீர்த் தாங்கி நிறைந்து வழிவது, வேலிக்கு வெளியே கழுதைகள் மூச்சு விடுவது.

மகளும் திரும்பி வருவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்காகத்தானே இவ்வளவும். அஸ்காவை மடியில் வைத்துத் தலை வாரினாள், பாடம் சொல்லிக் கொடுத்தாள், இறால் பொரித்துத் தட்டில் வைத்தாள். பிள்ளை எல்லாவற்றுக்கும் இணங்கியது. அதுதான் உறுத்தியது. தலையில் சிக்கு எடுக்கும்போது கத்தாமல் இருக்க அஸ்காவால் ஏலாது. இப்போது சீப்பு இழுத்த இழுப்புக்குத் தலை போய் வந்தது, சத்தமில்லை. எத்தனை தடவை முழுக வார்த்தாலும் முடியிலிருந்து களப்புச் சேற்றின் மணம் போகவில்லை. மத்தியான வெயிலில் ஓட்டுக்குக் கீழே ஜுமானாவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மகளின் கழுத்தைத் தொட்டால் மண்பானையின் அடிப்பக்கம் போலக் குளிர்ந்து கிடந்தது. பயந்திருக்கிறாள், தண்ணீரைக் கண்டு பயந்துவிட்டாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவளால் அப்படிச் சொல்லித் தள்ளமுடியவில்லை. மகள் இப்போது "இங்க பாருங்க" என்று சொல்வதே இல்லை. இவள் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் எழுந்து போய் அலுமாரிக்கு மேலிருக்கும் போனை எட்டி எடுத்து வந்து இவள் கையில் வைத்தாள். ஒரு தரம் வாய் திறந்தும் கேட்டாள், போன் ஏன் கதைக்கிதில்ல என்று. குரல் அஸ்காவின் குரல்தான். கேட்கும்போது மட்டும் கை வாயை மறைத்திருந்தது.

ஒருநாள் ஜுமானா தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது போன் கதிரையில் கிடந்தது. திரை முழுக்க நிறம். சிவப்பும் மஞ்சளும் கண்ணைக் குத்தின. தானே எங்கேயோ தட்டிவிட்டிருப்பேன் என்று நினைத்து, நளீம் காட்டித் தந்தபடி திரும்ப மாற்றிவைத்தாள். மறுநாளும் நிறம். மறுபடி மாற்றினாள். மகள் அறை மூலையில் நின்று, அவளையல்ல, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பருவத்தில் கச்சான் காற்று காலையிலிருந்து இரவுவரை வீட்டிலிருந்து களப்புப் பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். பொழுது படும் முன் சில நிமிஷம் மட்டும் மூச்சுப் பிடித்தாற்போல் நிற்கும். அப்படி நின்ற ஒரு மாலையில், பின்கதவருகே தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்ப் பக்கமிருந்து அது வந்தது.

"உம்மா... இங்க பாருங்க."

கை நின்றது. மெல்லிய குரல், கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல். ஜுமானா உள்ளே எட்டிப் பார்த்தாள். அஸ்கா பாயில் படம் கீறிக்கொண்டிருந்தாள். பென்சில் போனது, வந்தது. தலை நிமிரவில்லை.

ஏதோ ஒரு பிள்ளை, யாரோ ஒரு உம்மா என்று துருவலைத் தொடர்ந்தாள். காற்று திரும்ப எழுந்தது. ஆனால் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், காற்று நின்றதும் குரல் வந்தது. எல்லா நாளும் ஒரே சொல். சொல்லி முடிந்ததும் ஒரு சின்ன விக்கல்; அழுகையை விழுங்கும்போது அஸ்காவுக்கு வரும் அதே விக்கல். ஜுமானா தனக்குத் தெரிந்த ஓதல்களை எல்லாம் ஓதினாள். குரல் அவற்றுக்கு அடங்கவில்லை. அது மிரட்டவுமில்லை, கெஞ்சிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம், விழுந்த ஓலை பொறுக்க சபூரா வேலியடிக்கு வந்தாள். மகளுக்கு என்ன சுகமில்லையா என்று கேட்டாள். பொழுது படும்போதெல்லாம் பிள்ளை கரையில் நின்று அழுகிறது, போய்ப் பார்த்தால் ஆளைக் காணோம், இவளுக்கு அது கேட்பதில்லையா என்றாள். ஜுமானா, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தன்னோடேயே இருக்கிறாள், வாசல் தாண்டுவதில்லை என்றாள்.

சபூரா கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"அண்டைக்கு நான் உங்கட மகளக் கூட்டி வந்தனே புள்ள," என்றாள். "நான் கூப்பிட்டது தண்ணிக்குள்ள நிண்ட புள்ளய. எத்தின தரம் கூப்பிட்டும் வரல்ல, அப்பிடியே பாத்துக்கிட்டு நிண்டா. பொறகு எனக்குப் பின்னால இருந்து ஒரு கை வந்து என்ட கையப் புடிச்சிச்சு. திரும்பினா, அதே புள்ள நனைஞ்சி நிக்கிறா. எனக்குக் கண் சரியில்ல, இருட்டுற நேரம்னு நெனச்சன்."

ஜுமானா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். குசினி ஜன்னலின் அடிவிளிம்புக்கு மேலே இரண்டு கண்கள் இருந்தன. மெல்லக் கீழே இறங்கின.

சபூரா வேலியை விட்டு விலகினாள். ஓலையை எடுக்காமலே போனாள். அவளுடைய கதவு சாத்தும் சத்தமும் உள்ளே கொண்டி விழும் சத்தமும் கேட்டன.

ஜுமானா தென்னை மரத்தடியில் நின்றபடியே நளீமை அழைத்தாள். என்ன என்று சொல்லத் தெரியவில்லை. வா என்றாள், இப்பவே வா என்றாள். அவன் குரலில் பதற்றம் தெரிந்தது. கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் ராத்தா, உள்ளே போய் இருங்கள் என்றான்.

உள்ளே போக அவளால் ஏலவில்லை. மரத்தில் சாய்ந்துகொண்டு போனில் மகளின் படங்களைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. அந்த முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். கேக், கேக், கேக், ரோஜாப்பூ வைத்த கேக். எல்லாம் சாம்பலாக. அவற்றுக்கு நடுவில் அவள் ஒருபோதும் திறந்து பார்த்திராத ஒரு வீடியோ. தண்ணீரில் நனைந்த அந்த நாளின் பின்னேரம், அவள் களப்புக்குப் போகுமுன் எடுத்தது. அஸ்கா இவளுடைய போனை எடுத்துத் தானே தன்னைப் படம் பிடித்திருந்தாள். முகம் திரைக்கு மிகக் கிட்டே, மூக்கு பெரிதாக, மூச்சு வாங்க.

"உம்மா, இங்க பாருங்க, பல்லு விழுந்திட்டு!"

வாயை ஆவென்று திறந்து காட்டினாள். மேல் வரிசையில் நடுவே ஒரு ஓட்டை. உள்ளங்கையில் அரிசி அளவில் அந்தப் பல். அதைக் கண்ணுக்கு முன்னால் தூக்கிக் காட்டும்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து போனைப் பறித்தது. படம் இருண்டது. இருட்டுக்குள் ஜுமானாவின் சொந்தக் குரல், அவசரமாக: தாங்க மகள், ஓடர் வருது.

அவள் அதை மறுபடி பார்த்தாள். மறுபடியும். பிறகு மரத்தை விட்டு விலகி நடந்தாள். பின்படி. குசினி. கூடம்.

பிள்ளை பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

"வாயத் திறங்க மகள்."

அது தலையை ஆட்டியது.

"உம்மாவுக்குக் காட்டுங்க. ஒருக்கா."

அது அவளைப் பார்த்தது. நேராக. இத்தனை நாளில் முதல் தரம். பிறகு உதடுகள் பிரிந்தன.

ஓட்டை இல்லை. மேல் வரிசை முழுதாக இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்கும் பின்னால், தொண்டைக்குள் இறங்கும் இடம்வரை, சின்னச் சின்னதாக, வெள்ளையாக, ஈரமாக.

வாய் மூடியது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஜுமானா குனிந்து பார்த்தாள். சாம்பல் திரையில் ஒரு மூலையிலிருந்து நிறம் ஊறிக்கொண்டு வந்தது, துணியில் இரத்தம் ஊறுவது போல. அழித்த செயலிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மணி. மணி. மணி. குரூப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கின. ஏதோ ஒரு பாட்டு. யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

"போனப் பாருங்க உம்மா," என்றது பிள்ளை. மிக அன்பாகச் சொன்னது. "நீங்க அதப் பாத்துக்கிட்டே இருங்க."

கண் திரையில் ஒட்டியது. ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம், அவளால் எடுக்க முடியவில்லை. அப்போதுதான் வெளியே காற்று நின்றது.

"உம்மா..."

போனைக் கீழே போட்டாள். ஓடினாள்.

வேலிக் கம்பி காலைக் கிழித்தது. சேறு கணுக்கால்வரை இழுத்தது. பிறகு தண்ணீர், நாள் முழுக்க வெயிலில் கிடந்த இளஞ்சூட்டுத் தண்ணீர். களப்பு அந்தப் பக்கம் ஆழமில்லை. எவ்வளவு தூரம் போனாலும் முழங்கால், பிறகு தொடை, பிறகு இடுப்பு. குரல் முன்னால் கேட்டது. கொஞ்சம் முன்னால். இன்னும் கொஞ்சம். தண்ணீரின் சூடு போனது. குளிர்ந்தது. எலும்பைத் தொட்டது.

அங்கே நின்றாள் அஸ்கா.

நெஞ்சுவரை தண்ணீரில், பல் விழுந்த அன்று போட்டிருந்த மஞ்சள் சட்டையோடு. உதடு உப்புப் பூத்து வெடித்திருந்தது. இமைகளிலும் உப்பு. ஜுமானா வாரி எடுத்தாள். கனம் இருந்தது, மூச்சு இருந்தது, நெஞ்சு அடித்தது. முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, மேல் வரிசையில் அந்த ஓட்டை. முத்தமிட்டாள். உப்புக் கரித்தது. வந்திட்டன் மகள், உம்மா வந்திட்டன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்களும் வந்திட்டீங்க," என்றாள் அஸ்கா. "அப்ப வீட்டுல யாரு உம்மா நம்மட குரலக் கேக்கிற?"

ஜுமானா திரும்பினாள்.

வானம் வீட்டுக்குப் பின்னால் சிவந்து கிடந்தது. கூரை கறுப்பாகத் தெரிந்தது. கரையை நோக்கி நடந்தாள், மகளைத் தூக்கிக்கொண்டு. நடந்தாள். நடந்தாள். தண்ணீர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. கரை கிட்டவுமில்லை, தூரப்போகவுமில்லை.

மோட்டார்சைக்கிள் சத்தம். நளீம். அவன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றியபடி. "நளீம்!" என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். காற்று திரும்ப எழுந்துவிட்டது. அது வீட்டுப் பக்கமிருந்து வந்தது. அவள் குரலை வாயிலேயே திருப்பித் தள்ளியது. அங்கே பேசியதை மட்டும் ஒவ்வொரு சொல்லாகக் கொண்டுவந்து தந்தது.

"என்ன ராத்தா, பயந்து போய்ட்டன். என்ன நடந்த?"

பின்கதவில் ஒரு பெண் நின்றாள். ஜுமானாவின் சட்டை. ஜுமானா முக்காட்டைச் செருகும் அதே விதம். இடுப்பில் சாய்ந்தபடி ஒரு பிள்ளை.

"ஒண்டுமில்ல தம்பி," என்றாள் அந்தப் பெண். "சும்மா ஒரு பயம். உள்ளுக்கு வா, தேத்தண்ணி ஊத்துறன்."

நளீம் செருப்பைக் கழற்றினான். படியேறும் முன் ஒரு கணம் நின்று களப்பைத் திரும்பிப் பார்த்தான். ஜுமானா மகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அஸ்கா கையை வீசினாள். அவன் பார்த்தான், நேராக அவர்களைப் பார்த்தான். வெறும் தண்ணீரைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

விளக்கு எரிந்தது. அந்தப் பெண் கதவை மூட வந்தாள். பாதி மூடிய கதவுக்குள் நின்று களப்பைப் பார்த்து வாயைத் திறந்தாள். உள்ளிருந்த வெளிச்சத்தில், அவ்வளவு தூரத்திலும், வரிசை வரிசையாகத் தெரிந்தது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நளீம் ஏதோ சொன்னான். ஜுமானாவின் குரல் சிரித்தது.